கண்ணாடி அறைக்கு வெளியே கேட்டது

அந்தப் பேருந்து நிலையத்தில் அவரை முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் குறைவு. குரலைக் கேட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். மருந்துக் கடையில் நின்று தலைவலி மாத்திரை கேட்டால், பக்கத்தில் நிற்பவர் தன்னையறியாமல் தரையில் வைத்த பையைக் கையில் எடுத்துக்கொள்வார். ஒருமுறை வங்கி வரிசையில் "கொஞ்சம் நகருங்க" என்று சொன்னதற்கு, முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "எத்தனாவது நடைமேடைம்மா?" என்று கேட்டுவிட்டார்.

பேருந்துகள் வருவதையும் போவதையும் அறிவிப்பது அவருடைய வேலை. ஓட்டுநர், நடத்துநர், கவுன்ட்டரில் இருப்பவர், கழிப்பறை கழுவுகிறவர் எல்லோருக்கும் அவர் 'மைக் அக்கா'. அவரைவிட மூத்த ஓட்டுநர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேலாளர் மட்டும் 'ஏம்மா' என்பார்.

அவர் மைக்குக்கு வந்ததே ஒரு தற்செயல். முதலில் கவுன்ட்டரில் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மழை நாளில் பாலம் மூழ்கி எல்லாத் தடமும் மாறிப்போனது. அப்போதிருந்த அறிவிப்பாளர் ஒரே பேருந்தை மூன்று நடைமேடைக்கு அனுப்பினார். கீழே மூட்டையும் குழந்தையுமாக ஜனம் அங்கும் இங்கும் ஓடியது. இவர் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டுப் படியேறிப் போய், "கொடுங்க சார், நான் படிக்கிறேன்" என்று மைக்கை வாங்கினார். அன்று முழுக்க அவர்தான் படித்தார். மறுநாள் யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் இறங்கவேயில்லை.

அவரிடம் ஒரு முறை உண்டு. முதலில் தட எண்ணைச் சொல்வார். பிறகு ஒரு மூச்சு விடுவார். அதற்குப் பிறகுதான் நடைமேடை. தன் எண்ணைக் கேட்ட பிறகுதான் பயணி தலையைத் தூக்குகிறான், தூக்கின தலைக்குத்தான் நடைமேடையைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த ஒரு மூச்சில் காத்திருப்போர் வரிசை முழுதும் நிமிர்வதை மேலிருந்து பார்க்கலாம்.

மேலிருந்து பார்க்கலாம், ஆனால் கேட்க முடியாது. அறிவிப்பு அறை நடைமேடைகளுக்கு மேலே, இரும்புப் படிகளின் உச்சியில், மூன்று பக்கமும் தடித்த கண்ணாடி போட்ட பெட்டி. பேருந்துகளின் ஹாரன் மைக்குக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கதவு ஓரங்களில் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கீழே வாய்கள் அசையும், கைகள் ஆடும், குழந்தைகள் சத்தமில்லாமல் அழும். தன் குரல் ஒலிபெருக்கியில் எப்படி விழுகிறது என்பது அவருக்கே தெரியாது. தலைகள் நிமிர்கின்றனவா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

குரல் தேய ஆரம்பித்தது ஒரு வறண்ட பருவத்தில். மாலையானால் கரகரப்பு. பிறகு மதியத்திலேயே. பிறகு காலையில் எழுந்திருக்கும்போதே தொண்டையில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி. வெந்நீர் குடித்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். வேலை நேரத்துக்குக் குரலைச் சேமிக்க வேண்டும் என்று வீட்டில் கிசுகிசுவென்றே பேசத் தொடங்கினார். அது அந்த அறையின் பரம்பரை வைத்தியம். முன்னால் இருந்த அறிவிப்பாளர் இவருக்குச் சொன்னது. இவர் தன்னோடு மாற்று ஷிப்ட் பார்க்கும் இளம்பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பெண் ஒரு நாளும் தாமதமாக வராததால் அவளுக்குப் பெயர் 'கடிகாரம்'.

கிசுகிசுப்பு தொற்றிக்கொள்ளும் வியாதி. இவர் அப்படிப் பேசினால் கணவரும் அப்படியே பதில் சொல்வார். அவர் வீட்டுக்குக் கீழேயே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர், இயல்பிலேயே வாயைச் செலவழிக்காதவர். அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் வந்தால் வாசலிலேயே நின்று, "என்ன அண்ணி, சொந்த வீட்டுலயே திருட வந்த மாதிரி பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்பாள்.

அந்த நாத்தனார்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தொண்டை மருத்துவர் சின்ன வயதுப் பெண். மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். வெளிர் நிறத்தில் இரண்டு பட்டைகள், இரண்டின் நடுவிலும் எதிரெதிராக ஒரு மேடு.

"கையில காய்ப்பு விழுமில்ல, அது மாதிரிதான். இன்னும் சின்னதாத்தான் இருக்கு. வீட்டுல எப்படிப் பேசறீங்க?"

கிசுகிசுவென்று பேசுவதாக இவர் கிசுகிசுவென்றே சொன்னார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறாராம்.

"அது ஓய்வு இல்லம்மா. உங்க தொண்டைக்கு அது ஓவர்டைம்."

நாத்தனார் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மருத்துவர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் வாயையே திறக்கக் கூடாது, கிசுகிசுப்பும் கூடாது, அப்படி இருந்தால் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும் என்றார். இப்படியே மைக்கில் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று இவர் கேட்டார்.

"அப்ப கத்தி வைக்க வேண்டி வரும். வெச்சப்புறம் வர்ற குரல் இதே குரலா இருக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

சான்றிதழ் கையோடு கிடைத்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவர் மறுநாள் வேலைக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார்.

ஏன் என்று புரிய, அந்த நிலையத்தில் விடுப்பு எப்படிக் கேட்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். தினமும் காலையில் டீசல் பம்புக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையின் கீழ், எல்லோரும் கூடுவார்கள். அதற்கு ஆஜர் என்று பெயர். மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். விடுப்பு வேண்டுபவர் அங்கேதான், எல்லோர் முன்னாலும், வாய்விட்டுக் கேட்க வேண்டும். மேலாளர் மறுக்க மாட்டார். ஒருபோதும் மறுத்ததில்லை. "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. உன் வேலையைச் சுமக்கப்போறது இவங்கதான். இவங்களைக் கேளு" என்பார்.

கேட்பவர் திரும்பி நின்று சக ஊழியர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் தரையைப் பார்ப்பார்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் இன்னொருவருக்கு இரட்டை வேலை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த மௌனத்தைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு மேலாளர், "சரி, அப்புறம் பாக்கலாம்" என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அப்புறம் சார்' என்று பெயர்.

இப்படிக் கேட்டு அசிங்கப்படுவதைவிட வேலைக்கே வந்துவிடலாம் என்று எல்லோரும் வந்தார்கள். காய்ச்சலோடு வண்டி எடுத்த ஓட்டுநர் உண்டு. மணிக்கட்டு முறிந்து இடது கையால் சீட்டு கொடுத்த கவுன்ட்டர்காரர் உண்டு. நாளடைவில் அது ஒரு வீராப்பாகவே ஆகிவிட்டது. 'நான் லீவே போட்டதில்ல' என்று சொல்லிக்கொள்வதில் மைக் அக்காவுக்கும் ஒரு பெருமை இருந்தது.

லீவு கேட்க முடியாத காரணங்களை வீட்டில் அவர் தாளில் எழுதிக் காட்டி வாதாடினார். கணவர் கடை விளக்கை அணைத்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாசித்தார். கடிகாரத்துக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்காத சின்னப் பிள்ளை இருக்கிறது. இவர் போனால் இரண்டு ஷிப்டும் அவள் தலையில். பதிவு செய்த குரலை ஓட்டும் இயந்திரம் ஒன்றைப் பற்றித் தலைமை அலுவலகத்தில் பேச்சு அடிபடுகிறது. நாற்காலி காலியானால் அதைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், இவர் இல்லாவிட்டால் அந்த ஜனம் என்ன செய்யும்? முதல் தடவை ஊருக்கு வருபவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள், கண் மங்கலானவர்கள்.

கணவர் தாளை மடித்து வைத்தார். "நீ என்ன முடிவு பண்ணினாலும் சரி. ஆனா குரல் போச்சுன்னா என் கடைல கட்டித் தர முடியாது" என்றார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

மைக் அக்கா ஒரு நடுவழி கண்டுபிடித்தார். வீட்டில் மௌனம், வேலையில் மட்டும் பேச்சு. உதடு மைக்கில் படுகிற அளவுக்குக் கிட்டே போய் மெதுவாகப் பேசுவது. ஒலிபெருக்கியின் திருகைக் கூடுதலாகத் திருப்பி வைப்பது. இரண்டு மூன்று வாரம் இப்படியே ஓட்டினார். கீழே பார்த்தால் தலைகள் நிமிர்ந்துகொண்டுதான் இருந்தன. கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்தன, அவ்வளவுதான். சமாளித்துவிட்டோம் என்று நினைத்தார்.

அந்த நினைப்பை உடைத்தது நாத்தனார்தான். ஒரு வேலையாக வெளியூர் போகப் பேருந்து நிலையத்துக்கு வந்தவள், பேருந்து தாமதமானதால் நெடுநேரம் உட்கார வேண்டியதாயிற்று. போன வேலையை முடித்துவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, உங்க பஸ் ஸ்டாண்டுல மைக் எதுக்குன்னே எனக்குப் புரியல. மேல இருந்து என்னமோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் வருது. உடனே ஒரு நெட்டையான கண்டக்டர் எழுந்திரிச்சு பெஞ்சு பெஞ்சா கத்திக்கிட்டுப் போறாரு, 'பதினாறு, மூணாவது நடைமேடை, பதினாறு, மூணாவது நடைமேடை'ன்னு. அந்தக் கோடில இன்னொருத்தர். கழிப்பறை வாசல்ல இருக்கற அம்மாகூட உள்ள எட்டிப் பாத்து சொல்றாங்க. என்னங்க இதுன்னு கேட்டேன். அக்காவுக்குத் தொண்டை சரியில்லீங்க, கொஞ்ச நாளா இப்படித்தான்னு சொல்றாரு. நான் உங்க நாத்தனார்னு சொல்லல. வெக்கமா இருந்துச்சு."

அந்த நெட்டையை மைக் அக்காவுக்குத் தெரியும். எல்லோரும் 'ஒட்டகம்' என்று கூப்பிடும் நடத்துநர். அவர் பெஞ்சு வரிசையில் வாயைத் திறந்தபடி நடப்பதைக் கண்ணாடி வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தன் வண்டிக்கு ஆள் பிடிக்கிறார் என்று நினைத்திருந்தார்.

"நீ எதையோ பாத்துட்டு எதையோ சொல்றே" என்று அவர் எழுதிக் காட்டினார். நாத்தனார் தாளைப் பார்த்துவிட்டு, "நான் கண்ணாடி போட்டிருக்கேன். நீங்கதான் கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கீங்க" என்றாள்.

மறுநாள் அவர் அறைக்குள் போனதும் கதவைச் சாத்தவில்லை. கைப்பையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகினார். டீசல் நாற்றமும் இரைச்சலும் உள்ளே வந்தன. மைக்கை அழுத்தி ஒரு தடத்தை அறிவித்தார். ஒலிபெருக்கிகளிலிருந்து அது திரும்பி அவர் காதுக்கு வந்தது. பாத்திரம் தேய்க்கிற சத்தம் என்று நாத்தனார் சொன்னது அதிகமில்லை. தட எண் பாதி, நடைமேடை காற்று. கீழே ஒரு தலையும் நிமிரவில்லை.

பிறகு ஒட்டகத்தின் குரல் கேட்டது. முதலில் தட எண். பிறகு ஒரு மூச்சு. பிறகு நடைமேடை. இவருடைய முறையை இம்மி பிசகாமல் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். வரிசை முழுதும் தலைகள் நிமிர்ந்தன. இதுவரை தான் பார்த்துப் பார்த்து ஆறுதல்பட்டது ஒட்டகம் எழுப்பிய தலைகளைத்தான் என்று மைக் அக்காவுக்கு அப்போது புரிந்தது.

முதலில் வந்தது கோபம். ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே. அடுத்து வெட்கம். அந்த ஷிப்ட் முடியும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஒவ்வொரு அறிவிப்புக்கும் பிறகு கீழே யார் யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். கவுன்ட்டர்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார். ஆஜரில் யாருக்கும் முகம் கொடுக்காமல் தரையைப் பார்க்கும் ஓட்டுநர் ஒருவர், தன் வண்டிக் கதவில் தொங்கிக்கொண்டு எதிர் வண்டியின் நடைமேடையைக் கத்தினார். யாரும் மேலே பார்க்கவில்லை. இவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள்.

விடுப்பு எடுத்தால் இவர்களுக்குச் சுமை என்று நினைத்துத்தான் எடுக்காமல் இருந்தார். எடுக்காமல் இருந்ததால்தான் சுமை. ஒரு அறிவிப்பை இரண்டு முறை செய்துகொண்டிருந்தது அந்த நிலையம். இவர் இறங்கி, நல்ல தொண்டை உள்ள ஒருவர் ஏறினால் ஒரு முறையோடு போய்விடும். இவ்வளவு எளிய கணக்கைத் தான் தலைகீழாகப் போட்டுவைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சத்தம் வரும் என்று அடக்கிக்கொண்டார். ஷிப்டின் கடைசி வண்டியை அறிவித்துவிட்டு மைக்கை அணைத்தார். அந்த நிமிடத்திலிருந்து அவர் பேசவில்லை.

மறுநாள் ஆஜரில் முன்னால் போய் நின்று சான்றிதழை நீட்டினார். மேலாளர் வாங்கி இரண்டு முறை படித்தார்.

"ஒரு மாசமா?"

தலையாட்டினார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. இவங்களைக் கேளு."

அவர் திரும்பி நின்றார். வழக்கம்போல எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. எங்கோ ஒரு வண்டி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மேலாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாயத் திறந்து கேட்டாத்தானே அவங்களுக்குத் தெரியும்?" என்றார்.

ஒட்டகம் தொண்டையைச் செருமினார்.

"சார், அக்கா சொல்றத நாங்க திருப்பிச் சொல்றது ஒண்ணும் புதுசு இல்ல. இப்பவும் நானே சொல்லிடறேன்."

மேலாளர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்குள் அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பெஞ்சு வரிசைக்குச் சொல்கிற அதே தொனியில், "மைக் அக்கா, ஒரு மாசம் லீவு கேக்கறாங்க" என்றார். பழக்கதோஷம், பின்வரிசை ஓட்டுநர் ஒருவர் அதை அப்படியே வாங்கி, "மைக் அக்கா, ஒரு மாசம் லீவு" என்று பணிமனைப் பக்கம் அனுப்பினார். அங்கிருந்து கிரீஸ் கையோடு ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்து, "எத்தனாவது நடைமேடை?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்திருந்தன. கடிகாரம் கையைத் தூக்கினாள்.

"நான் பாத்துக்கறேன். அக்கா போகட்டும்."

கவுன்ட்டர்காரர், நடுவில் கொஞ்ச நேரம் தானும் மேலே ஏறுவதாகச் சொன்னார், தனக்கும் படிக்கத் தெரியும் என்றார். படிக்கலாம், பாட்டு மட்டும் பாடக் கூடாது என்று யாரோ நிபந்தனை போட்டார்கள். மேலாளர் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி சரி, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

மைக் அக்கா அப்புறம்வரை நிற்கவில்லை. தலையைத் தாழ்த்தி எல்லோருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, வாயில் வழியாக வெளியே நடந்தார். வேலை இருக்குமா இருக்காதா என்பது அந்தச் சமயத்தில் அவருக்குத் தெரியாது. மாலையில்தான் சான்றிதழில் மேலாளர் கையெழுத்து விழுந்திருக்கிறது என்று கடிகாரத்திடமிருந்து செய்தி வந்தது. எப்போது போட்டார் என்று யாரும் பார்க்கவில்லை.

அந்த ஒரு மாதத்தைப் பற்றி அந்த வீட்டில் இன்றும் பேசிச் சிரிப்பார்கள். வெளியூரில் படிக்கும் மகள் தினமும் கூப்பிடுவாள். ஃபோனில் விரலால் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. பரீட்சை மதிப்பெண் குறைந்த சேதியை அவள் அந்த மாதத்தில்தான் சொன்னாள். புத்திசாலி.

நாத்தனாருக்கு வாழ்நாள் வாய்ப்பு. தினமும் வந்து உட்கார்ந்து, கேள்வியையும் அவளே கேட்டு, அண்ணி என்ன பதில் சொல்வார் என்பதையும் அவளே சொல்லி, அந்தப் பதிலுக்குக் கோபமும் அவளே பட்டுக்கொண்டாள். ஆனால் வரும்போதெல்லாம் கையில் ஒரு தூக்குப் பாத்திரம் இருக்கும். போகும்போது துவைத்த துணி மடித்திருக்கும்.

கணவர் விஷயம்தான் யாரும் எதிர்பாராதது. வீடு ரொம்ப அமைதியாகிவிட்டதால் அவர் பேச ஆரம்பித்தார். கடைக்கு வந்த கதைகளை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார். எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து 'நேத்துவரைக்கும் நல்லா ஓடிச்சு' என்று சத்தியம் செய்கிறவர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டினார். இவ்வளவு காலம் கூடக் குடித்தனம் செய்தவருக்கு இப்படி நடிக்க வரும் என்பதே மைக் அக்காவுக்குத் தெரியாது. தான் பேசிக்கொண்டே இருந்ததால் அவருக்கு இடம் கிடைக்கவில்லையோ என்று நினைத்தார். தொண்டையில் வந்த காய்ப்புக்கு நன்றி சொல்வது பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் ஒன்றிரண்டு இரவுகளில் சொல்லிக்கொண்டார்.

பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது அவர் மனதுக்குள் ஓடியது பேருந்து நிலையம்தான். யார் யார் எழுந்து கத்தினார்கள் என்று நினைவுபடுத்திப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். தனியாக மேலே உட்கார்ந்து ஒரு நிலையத்தையே நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, கீழே இத்தனை பேர் தன்னைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது நம்பச் சிரமமாகவும் சுகமாகவும் இருந்தது.

மாதக் கடைசியில் மருத்துவர் மறுபடி திரையைத் திருப்பினார். மேடுகள் கிட்டத்தட்ட வற்றியிருந்தன. இனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம், கத்தக் கூடாது, முதலில் அரை ஷிப்ட்தான் என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வார்த்தையைக் கேட்கக் கணவரும் நாத்தனாரும் எதிரில் உட்கார்ந்தார்கள். என்ன பேசுவதென்று மைக் அக்காவுக்கு ஓடவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்க, நாத்தனார் பொறுக்க முடியாமல், அண்ணி முதலில் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தான் எவ்வளவு வருத்தப்படுவாள் என்று விளக்கிக்கொண்டே போனாள்.

"போதும்" என்றார் மைக் அக்கா.

ஒரு மாதம் கழித்து வந்த முதல் வார்த்தை அதுதான். முன்பைவிட ஒரு படி கீழே இறங்கின குரல், ஓரத்தில் லேசாகத் தூசி. ஆனால் அவருடையதுதான். நாத்தனார் சிரித்துக்கொண்டே அழுதாள். "ஒரு மாசம் உழைச்சதுக்கு இதான் கூலியா அண்ணி?"

பதிவுக் குரல் இயந்திரம் வரவில்லை. இனி வந்தாலும் வரலாம். நாற்காலி அப்படியே இருந்தது. அவர் செய்த ஒரே மாற்றம், கதவோர ரப்பரைப் பிய்த்துப் போட்டதுதான். ஹாரன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று மேலாளர் குறைபட்டார். விழட்டும் என்றார் இவர்.

அவர் திரும்பிய இரண்டாவது வாரம், ஆஜரில் கடிகாரம் தயங்கித் தயங்கி முன்னால் போய் நின்றாள். பிள்ளைக்கு முதல் நாள் பள்ளிக்கூடம், கூடப் போக வேண்டும், ஒரே ஒரு நாள் வேண்டும் என்றாள். மேலாளர் ஆட்சேபணை இல்லை என்றார், இவர்களைக் கேள் என்றார். அவள் திரும்பினாள். கேட்பதற்கு வாயைத் திறந்தாள்.

"போய்ட்டு வா" என்றார் மைக் அக்கா. "காலைல நான் இருக்கேன். மதியத்துக்குக் கவுன்ட்டர் தம்பி ஏறிடுவார்."

கவுன்ட்டர்காரர் தலையாட்டினார். ஒரு ஓட்டுநர், "நாங்களும் கீழதானே இருக்கோம்" என்றார். இவ்வளவு சீக்கிரம் கிடைத்த சம்மதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கடிகாரம் நின்றாள். மேலாளர் அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடாமல் அவளைப் பார்த்தார்.

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். தன் பெண்ணும் அங்கேதான் படித்தாள், வாசலில் விட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதே, கொஞ்ச நேரம் பிள்ளை பார்வையில் நில் என்றார் அவர். தன் பெண்ணை விடத் தான் போகவில்லை, தனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு, அந்தப் பள்ளி வாசலில் வண்டி எங்கே நிறுத்துவது என்பதில் தொடங்கி ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆஜர் முடியத் தாமதமானது. முதல் பேருந்தும் தாமதமாகத்தான் கிளம்பும். அதை ஜனங்களுக்குச் சொல்வதற்காக மைக் அக்கா படியேறிப் போனார்.